கண்டுபிடித்ததற்குக் கூலி

தமிழ்நாட்டில் பஸ் நின்று போகிற ஊர் எதுவாயினும், அந்த நிறுத்தத்திலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் ஒரு மெக்கானிக் கடை இருக்கும் என்று துணிந்து சொல்லலாம். தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த தரை, சுவரில் ஆணியடித்து மாட்டிய கிளட்ச் கேபிள்கள், தேய்ந்த பிஸ்டன்களும் பேரிங்குகளும் நிரம்பிய பழைய டின், வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய பத்துப் பன்னிரண்டு இருசக்கர வண்டிகள்: இவ்வளவுதான் அந்த ஸ்தாபனத்தின் தோற்றம். கம்பெனிகள் நடத்தும் சர்வீஸ் சென்டரின் கண்ணாடிக் கதவும் குளிர்ந்த காற்றும் அங்கே கிடையா. ஆயினும், வாரண்டிக் காலம் முடிந்த மறுநாள் தொட்டு, வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போகும் நாள் வரையில், அதை ஓடச் செய்கிற பொறுப்பு பெரும்பாலும் இந்தத் தகரக் கூரையின் கீழேதான் வந்து சேருகிறது. பால்காரர், கொத்தனார், பள்ளி ஆசிரியை, உரமூட்டை ஏற்றிச் செல்லும் விவசாயி, இரவு பகல் பாராமல் உணவுப் பொட்டலம் கொண்டு சேர்க்கும் இளைஞர் ஆகிய இவர்களுடைய ஜீவனம் வண்டியை நம்பியிருக்க, வண்டியோ மெக்கானிக்கை நம்பியிருக்கிறது. அவரிடம் நாம் பணம் கொடுத்துப் பெறுவது உண்மையில் என்ன என்பதைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்பது நமக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

காலை ஒன்பது மணி சுமாருக்குக் கடை திறக்கும். திருட்டுக்குப் பயந்து முந்தைய இரவு உள்ளே நெருக்கி அடைத்த வண்டிகளை, ஒன்றோடொன்று உரசாமல் வெளியே தள்ளி நிறுத்துவதே முதல் காரியம். அது முடிவதற்குள் சட்டை நனைந்துவிடும். வாசலில் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி, ஸ்பானர்களைச் சாக்கின் மேல் பரப்புவதற்குள்ளாகவே ஆபீஸ் நேரத்துக் கூட்டம் வந்து நிற்கும். ஒருவருக்கு செல்ஃப் எடுக்கவில்லை. மற்றொருவருக்கு ஆக்ஸிலரேட்டர் கேபிள் அறுந்துவிட்டது. வேறொருவருக்குப் பின்பக்க பிரேக் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் அவசரம். நேற்றே பிரித்துப் போட்ட எஞ்சின் ஒன்று தட்டில் கிடக்க, அதை விட்டு எழுந்து இந்தச் சில்லறை வேலைகளை முடித்தனுப்பினால்தான், பதினொரு மணிக்கு மேலாவது அவர் அதனிடம் திரும்ப முடியும். மாலை ஐந்துக்கு மேல், வேலையிலிருந்து திரும்புகிறவர்கள் வண்டியை எடுக்க வருவார்கள். இரவு ஒன்பதுக்குக் கடை அடைக்கும்போது, எடுக்கப்படாத வண்டிகள் மறுபடி உள்ளே ஏறும். ஞாயிற்றுக்கிழமையன்று ஊரெல்லாம் ஓய்ந்திருக்க, மாதச் சம்பளக்காரர்களுக்கு அன்றுதான் ஒழிவு என்பதனால், இவருக்கு மட்டும் மத்தியானம் வரையில் ஓய்வு கிடையாது.

இந்த வித்தை கற்கப்படும் முறை பழமையானது. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு இளமையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மோகித்து, ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அதை விலைக்கு வாங்கி, ஓட்டி மகிழ்வதோடு நில்லாமல் அக்கக்காகக் கழற்றிப் பூட்டி யந்திர ஞானம் பெற்றார் என்பது பிரசித்தமான செய்தி. அவர் 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கிப் பின்னாளில் பெரிய போக்குவரத்து ஸ்தாபனத்தை நிறுவியதெல்லாம் அந்தக் கழற்றிப் பூட்டிய அனுபவத்தின் மேல் எழுந்த காரியங்களே. இன்றைக்கும் ஐ.டி.ஐ.யில் முறையாகப் பயின்று வருகிறவர்கள் உண்டென்றாலும், கடைகளில் பெரும்பாலோர் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் பையனாகச் சேர்ந்து, முதலில் பாகங்களைப் பெட்ரோலில் கழுவி, பிறகு "பத்தாம் நம்பர் எடு, பன்னெண்டு–பதிமூணு எடு" என்று கேட்கும்போதே ஸ்பானரை நீட்டப் பழகி, பின்பு சக்கரத்தைக் கழற்றவும் செயின் மாட்டவும் அனுமதி பெற்று, எஞ்சினில் கை வைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்து தேறியவர்களே. அந்நாளில் இப்படிச் சேர்ந்த பையன்களில் பலர் பள்ளியில் இருக்கவேண்டிய வயதினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பதினான்கு வயது நிரம்பாதவர்களை மோட்டார் பட்டறையில் வேலைக்கு வைப்பது இன்று சட்டப்படி குற்றம். அது குற்றமாக ஆனது நல்லதும் ஆகும்.

வண்டிகளும் தலைமுறைக்குத் தலைமுறை மாறி, மெக்கானிக்கை மறுபடி மறுபடி மாணவனாக்கின. 1955-ல் சென்னையில் புல்லட் உருவாகத் தொடங்கியது. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 புறப்பட்டு, சைக்கிளுக்கு மேல் எதையும் நினைத்துப் பாராத குடும்பங்களுக்கு மோட்டார் வாகன யோகத்தை அளித்தது. 1985-ல் நூறு சி.சி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு ஹீரோ ஹோண்டா வந்து, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்கிற கேள்வியைத் தேசம் முழுவதற்கும் கற்றுக்கொடுத்தது. முந்தைய வண்டிகளில் தீப்பொறி எழுப்பும் பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி சரிசெய்யக் கற்ற கை, சி.டி.ஐ. என்னும் மூடிய பெட்டி வந்தபோது, அதைத் திறக்க முடியாதென்று அறிந்து, நன்றாக ஓடுகிற இன்னொரு வண்டியின் பெட்டியை மாட்டிப் பார்த்துப் பழுதை நிர்ணயிக்கும் யுக்தியைக் கண்டுகொண்டது. டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் சைலன்ஸரில் கரி அடைத்து இழுவை குறைந்தால், அதைக் கழற்றி நெருப்பிலிட்டுக் கரியை எரித்து எடுத்த காலம் போய், இன்று அந்த வேலையே தெரியாத இளம் மெக்கானிக்குகள் வந்துவிட்டார்கள்.

எனினும் தொழிலின் ஜீவநாடியான விஷயம் மாறவில்லை. பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதே அது. வண்டி தெருமுனை திரும்பும்போதே அதன் சத்தத்தைக் கொண்டு பாதி விஷயத்தை அனுபவசாலி ஊகித்துவிடுகிறார். எஞ்சினின் தலைப்பகுதியிலிருந்து சீராக வரும் மெல்லிய 'டிக் டிக்' டாப்பெட்டின் குரல். டாப்பெட்டுக்கும் வால்வுக்கும் இடையே, பல சிறிய எஞ்சின்களில் ஒரு மில்லிமீட்டரின் பத்திலொரு பங்கையும் எட்டாத, ஓர் இடைவெளி உண்டு; அது கூடிவிட்டால் சத்தம் வரும், அடியோடு இல்லாமற்போனால் வால்வு கருகும். பக்கவாட்டில் கரகரப்பது டைமிங் செயின். அடிவயிற்றிலிருந்து 'டொக் டொக்' என்று வந்தால் கனெக்டிங் ராடு. அதைக் கேட்டதும் அவர் முகம் மாறி, "எஞ்சின் இறக்கணும்" என்பார். ஐயம் இருந்தால், நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் கூட்டின் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார். தெரு இரைச்சல் அற்றுப்போய், உள்ளே சுழலும் பேரிங்கின் சத்தம் தனியாகக் கேட்கும்.

காதுக்கு அடுத்தது கண். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும்போது, முனை இளம்பழுப்பாக இருந்தால் எரிதல் ஒழுங்காக நடக்கிறது. வறண்ட கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகிறது, அல்லது காற்று குறைகிறது. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் உள்ளே ஏறுகிறது. வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. சைலன்ஸரிலிருந்து கரும்புகை வந்தால் பெட்ரோல் வீணாகிறது. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் நீலம் பாய்ந்த வெண்புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. வடித்த ஆயிலை இரண்டு விரல்களுக்கிடையில் தேய்த்து, அதில் பளபளக்கும் உலோகத் துகள் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். அந்த ஆயில் பால் விட்ட காப்பி போல வெளிறியிருந்தால், தண்ணீர் கலந்துவிட்டதென்று வேறு பரீட்சையின்றியே சொல்லிவிடுவார்.

இந்த அறிவு ஊருக்கு எவ்வளவு உபயோகப்பட்டது என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையிலும் சென்னைவாசிகள் நேரில் கண்டார்கள். நீரில் மூழ்கிய வண்டியை வெளியே எடுத்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கத்தான் எவருக்கும் தோன்றும். ஆனால் காற்றை அமுக்குவது போலத் தண்ணீரை அமுக்க முடியாதாகையால், சிலிண்டருக்குள் நீர் நிற்கும் நிலையில் எஞ்சினைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்து, சொற்பச் செலவில் முடியவேண்டிய காரியம் பெருஞ்செலவாகிவிடும். பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, ஆயிலை வடித்து, புது ஆயில் விட்டுச் சிறிது நேரம் ஓட்டி அதையும் வடித்து, கார்புரேட்டரையும் டேங்கையும் சுத்தம் செய்த பிறகே வண்டிக்கு உயிர் கொடுக்க வேண்டும் என்பது தெருமுனை மெக்கானிக்குகளுக்குத் தெரிந்திருந்தது.

இனி, கண்டுபிடிப்பதற்கும் கூலிக்கும் உள்ள சம்பந்தத்தைக் காட்டும் ஒரு சம்பவம். காவிரிப் பாசனப் பகுதியின் சிற்றூர் ஒன்றில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மெக்கானிக்கின் கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது, கேன்களோடு வந்து இறங்கிய இளம் பால்காரர் தம் குறையைச் சொன்னார்.

"அண்ணே, எடுத்த உடனே நல்லாத்தான் போவுது. நாலஞ்சு கிலோமீட்டர் போனா அப்படியே மூச்சடங்கிப்போய் நின்னுடுது. கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சா மறுபடி ஸ்டார்ட் ஆவுது. ரெண்டு கடையில பாத்தாச்சு. பிளக் மாத்துனாங்க, கார்பரேட்டர் கழுவுனாங்க. அப்படியேதான் இருக்கு."

மெக்கானிக் ஸ்பானர் எதையும் எடுக்கவில்லை. "இப்ப எங்கேருந்து ஓட்டிட்டு வர்றீங்க தம்பி? வழியில நின்னுச்சா?" என்று கேட்டார். கடைக்கு முன் வந்து இப்போதுதான் நின்றது என்று தெரிந்ததும், "மூடியை மெதுவாத் தெறங்க" என்றார். சாவியைத் திருப்பி டேங்க் மூடியைத் தூக்கிய கணத்தில், உள்ளே காற்று புகும் 'உஸ்' என்ற ஓசை எங்கள் இருவருக்கும் கேட்டது. "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். சிறிது நேரத்தில் வண்டி உயிர் பெற்றது.

விஷயம் இதுதான். டேங்கிலிருந்து பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போயாக வேண்டும். அதற்காக மூடியில் ஒரு நுண்ணிய துவாரம் உண்டு. வாட்டர் சர்வீஸின்போதோ தூசியினாலோ அது அடைபட்டுவிட்டால், டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்க மறுத்து, கார்புரேட்டர் வறண்டு, வண்டி நின்றுவிடும். காத்திருந்தால் காற்று எப்படியோ கசிந்து உள்ளே போய் மறுபடி ஓடும். மூடியை ஏர் குழாயால் ஊதி, பாலிதீன் உறையிலிருந்த மெல்லிய கம்பியால் துவாரத்தைத் துழாவி, மறுபடி ஊதிப் பொருத்திக் கொடுத்தார். கால் மணி நேரம் கூட ஆகவில்லை.

"எவ்வளவுண்ணே?" என்று பால்காரர் கேட்டதற்கு, அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "என்னத்த வாங்குறது, ஒண்ணும் மாத்தலையே. டீக்குக் குடுத்துட்டுப் போங்க தம்பி" என்றார். இருபது ரூபாய் கை மாறிற்று.

பழுதைக் கண்டுபிடிக்காத இரண்டு கடைகளிலும் பிளக்குக்கும் கார்புரேட்டர் வேலைக்கும் பணம் கொடுத்த அதே மனிதர், கண்டுபிடித்த கடையில் டீக்காசு கொடுத்துவிட்டுப் போனார். அவரை நான் குறை கூறவில்லை; கேட்காத தொகையை அவர் எப்படிக் கொடுப்பார்? மெக்கானிக்கையும் குறை கூறுவதற்கில்லை, ஒரு பாகமும் மாற்றாமல் முந்நூறு ரூபாய் கேட்டால், "ஊதினதுக்கு முந்நூறா?" என்ற பேச்சு மறுநாள் டீக்கடை முழுவதும் பரவும். அவர் எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டில் இரண்டே இனங்கள்தான் உண்டு. ஒன்று ஸ்பேர், மற்றொன்று லேபர். கண்டுபிடிப்புக்கென்று ஓர் இனம் கிடையாது. இருபது, முப்பது ஆண்டுகள் செலவழித்துப் பெற்ற அந்த நிதானத்துக்கு நம் சமூகம் விலை வைக்கவில்லை. அதன் விளைவு விபரீதமானது. பாகத்தை மாற்றினால்தான் பணம் என்றாகிவிட்டால், மாற்ற வேண்டாத பாகத்தையும் மாற்றுகிறவர் பிழைப்பார்; மாற்றாமலே சரிசெய்கிறவர் இளைப்பார். மெக்கானிக்குகள் ஏமாற்றுகிறார்கள் என்று நாம் அடிக்கடி சொல்லுகிற புகாரின் வேரில் இந்த வழக்கமும் கிடக்கிறது.

ஸ்பேர் விஷயத்திலும் அவர் நிலைமை சிக்கலானதே. சென்னையானால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் புதுச் சாமானும், புதுப்பேட்டையில் பிரித்தெடுத்த பழைய சாமானும் கிடைக்கும். வெளியூரானால் ஊரிலுள்ள ஓரிரு கடைகளில் இருப்பதைக் கொண்டுதான் காரியம் நடக்கவேண்டும். அங்கே கம்பெனிச் சாமான் ஒரு விலை, வேறு தயாரிப்பு ஒரு விலை, டூப்ளிகேட் ஒரு விலை. மலிவானதைப் போடச் சொல்லி வற்புறுத்துகிற வாடிக்கையாளரே, அது மூன்று மாதத்தில் தேய்ந்துபோனால், "நீங்க போட்டதுதானே?" என்று வந்து நிற்பார். சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறைக்கு அனுப்பிப் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்க வேண்டும். லேத்தில் தாமதம், கடையில் பிஸ்டன் இருப்பில்லை. "நாளைக்கு வாங்க" என்று அவர் சொல்லுகிற பிரசித்தி பெற்ற பொய்யில் பாதி, பிறர் அவரிடம் சொன்ன பொய்யே. கடன் சொல்லிப் போகிறவர்களின் கணக்கு வேறு. ஊரில் எல்லோரும் தெரிந்தவர்களாகையால், வண்டியைத் தரமாட்டேன் என்று மறிக்கவும் அவருக்கு வாய் வராது.

உடம்பு கொடுக்கும் விலையை எந்தச் சீட்டிலும் எழுதுவதில்லை. நாள் முழுவதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முழங்காலும் இடுப்பும் நாற்பது வயதிலேயே முறையிடத் தொடங்கும். பழைய எஞ்சின் ஆயிலும் பெட்ரோலும் தோலில் ஊறி வெடிப்புண்டாக்கும். எரிந்து பழுதான ஆயில் நெடுநாள் தோலில் படுவது புற்றுநோய்க்கும் இடமளிக்கக் கூடியது. பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் சேர்ந்திருந்தது. டிரம்மை ஏர் குழாயால் ஊதும்போது எழும் தூசியைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. கையுறையும், ஈரத்துணியால் துடைக்கும் பழக்கமும் பெருஞ்செலவல்ல. வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் தகரத்தில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு வாங்கிச் செல்ல அனுமதி பெற்றவர்களிடம் சேர்ப்பிப்பது சட்டமும்கூட.

இத்தனைக்கும் நடுவே ஆயுத பூஜை வருகிறது. அதற்கு முந்தைய வாரத்தில் ஊரிலுள்ள வண்டியெல்லாம் சர்வீஸுக்கு வந்து குவியும். பூஜையன்று தரையைத் தேய்த்துக் கழுவி, ஸ்பானர்களைத் துடைத்து அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பொரிகடலை படைத்து, பூசணிக்காய் சுற்றி உடைப்பார்கள். ஆண்டு முழுவதும் கரியில் புரண்ட கருவிகள் அன்று ஒரு நாள் கைபடாமல் இருக்கும்.

இப்போது இத்தொழிலின் முன் நிற்பது மிகப் பெரிய மாறுதல். 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நாடெங்கும் அமலுக்கு வந்தபின், புது வண்டிகளில் அநேகமாகக் கார்புரேட்டர் மறைந்து, சென்சர்கள் தரும் செய்தியைக் கொண்டு பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்ஷன் முறை வந்துவிட்டது. புகையும் நச்சும் குறைந்தது எல்லோருக்கும் லாபமே. ஆனால் காதும் கண்ணும் சொன்ன சேதியில் ஒரு பகுதி இப்போது ஒரு சிறு கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. மீட்டரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால், சில வண்டிகளில் அது மினுங்குகிற கிரமத்தை எண்ணியே பழுதின் குறியீட்டை அறியலாம். மற்றவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். அதை வாங்கும் முதலீடும், அது காட்டும் எண்ணுக்குப் பொருள் சொல்லும் கையேடும் தெருமுனைக் கடைக்கு எளிதில் வாய்ப்பதில்லை. பெட்ரோலோடு இருபது சதம் எத்தனால் கலப்பதும் வழக்கமாகிவிட்டது. தண்ணீரை ஈர்க்கும் இயல்புடைய அந்தச் சரக்கு, நெடுநாள் நிற்கிற வண்டிகளின் டேங்கில் புதிய வகைக் கோளாறுகளைத் தோற்றுவிக்கிறது.

அறிவைப் பூட்டி வைப்பது நியாயமா என்ற கேள்வி இந்தியாவில் ஏற்கெனவே எழுந்தது. கார் நிறுவனங்கள் தம் உதிரி பாகங்களும் பழுதறியும் கருவிகளும் சுயேச்சைப் பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்காதபடி செய்தன என்று கண்ட இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில் 14 நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்காடின. 2022-ல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமையைக் குறித்து ஆராயக் குழு அமைத்தபோது, அதன் வரம்பில் மோட்டார் வாகனங்களும் சேர்க்கப்பட்டன. இந்த உரிமையை மெக்கானிக்கின் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் கருதுவது தவறு. வாங்கிய வண்டியை எங்கே கொடுத்துச் சரிசெய்வது என்று தீர்மானிக்கும் சுதந்திரம் வாங்கினவருக்கு இருக்கிறதா, இல்லையா என்பதே அதனுள் அடங்கிய கேள்வி.

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். கையேடுகளும் கருவிகளும் நியாயமான விலையில் கிடைக்க விதி செய்யட்டும். மெக்கானிக்குகளும் தமக்குரியதைக் கேட்டுப் பெற வேண்டும். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கும் தமிழ்நாட்டில் நல வாரியம் இருந்தும், அதில் பெயர் பதியாமல் இருப்பது தமக்குத் தாமே செய்துகொள்ளும் நஷ்டம். வாடிக்கையாளராகிய நாம் செய்யக்கூடியவை மிக எளியவை. கடைக்குப் போனதும், "கார்பரேட்டரைக் கழுவுங்க" என்று தீர்ப்புச் சொல்லாமல், வண்டி எப்போது, எந்த வேகத்தில், எத்தனை தூரம் போனபின் என்ன செய்கிறது என்பதை மட்டும் உள்ளபடி சொல்ல வேண்டும். மாற்றிய பாகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் பிழையில்லை. நாணயமான மெக்கானிக் அதனால் கோபிக்கமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் எதையும் மாற்றாமலே பழுதைத் தீர்த்துவிட்டால், "டீக்குக் குடுங்க" என்ற சொல்லைக் காரணமாக்கித் தப்பிக்காமல், கண்டுபிடித்ததற்கென்று தனியாகக் கூலி கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கப் பழகாத ஊரில், வேண்டாத பாகத்தை மாற்றுகிறவரே கடைசியில் மிஞ்சுவார். அதற்கு அவரைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை இராது.